ஓட வைப்பவருக்குச் சம்பளம் யார் தருவது?

பிற்பகல் மூன்று மணி. கச்சான் காற்று காதை அடைக்கும் ஆனி மாதம். வன்னியில், ஒட்டுசுட்டானுக்கு அருகிலுள்ள ஒரு பாடசாலை மைதானத்தில், அடியில் ஆணியால் துளைபோட்ட பால்மாப் பேணியில் சுண்ணாம்பை நிரப்பிக்கொண்டு, இழுத்துக் கட்டிய கயிற்றின் வழியே ஓர் இளைஞர் குனிந்து நடந்துகொண்டிருந்தார். பேணியைத் தட்டத் தட்டக் கோடு விழுந்தது. பாதிச் சுண்ணாம்பைக் காற்று கொண்டுபோனது. வளைவு வந்ததும் நடுவில் அடித்திருந்த முளையில் கயிற்றை மாட்டி, ஆரம் பிசகாமல் மெதுவாகச் சுற்றினார். 200 மீற்றர் சுற்றுப் பாதை ஒன்றை இப்படிப் போட்டு முடிக்க அவருக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அதற்குப் பிறகுதான் பயிற்சியே தொடங்கியது.

அவர் அந்தப் பாடசாலையின் பழைய மாணவர். மாகாண மட்டத்தில் 1500 மீற்றரில் இரண்டாம் இடம் பெற்றவர். இப்போது நான்கு பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்குகிறார். நான் பல ஆண்டுகள் கல்வி வலய மெய்வல்லுநர் போட்டிகளில் நேரக்கணிப்பாளராக நின்றவன் என்பதால் அன்று என்னிடம் கேட்டார்: “சேர், இதையே தொழிலாக வைத்துச் சீவிக்க முடியுமா?”

அன்று அவருக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். அவரைப் போல இன்னும் பலர் வன்னியில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் பயன்படட்டும் என்று முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்க வேண்டும். கல்லூரிப் பயிற்றுநர் என்றால் இணையத்தில் தேடுபவருக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள்தான் முன்னால் வரும். அங்கே கல்லூரி ஓட்ட அணிக்குப் பயிற்றுநர் என்பது முழுநேர உத்தியோகம். மாணவரைத் தேடிப் பிடிப்பது, உதவித்தொகையைப் பங்கிடுவது, பயணச் செலவைக் கணக்கிடுவது எல்லாம் அவர் பொறுப்பு. 1958 இல் தோக்கியோவில் உயரம் பாய்தலில் தங்கம் வென்று இலங்கைக்கு முதல் ஆசிய விளையாட்டுத் தங்கத்தைக் கொண்டுவந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலிருந்து அப்படியொரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர்தான். ஆனால் அந்த நாட்டிலும் எல்லோருக்கும் சம்பளம் கிடைத்துவிடவில்லை. கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான முதற்பிரிவுப் பல்கலைக்கழகங்களில் சம்பளமே இல்லாத ‘தொண்டர் பயிற்றுநர்’ என்று ஒரு வகையை விதிப்புத்தகத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். அது 2023 யூலை 1 ஆம் திகதிதான் ஒழிந்தது. பணம் புரளும் இடத்திலேயே அப்படியென்றால், சுண்ணாம்புக்கும் கணக்குக் காட்ட வேண்டிய நம் மைதானங்களின் நிலை சொல்லாமலே விளங்கும்.

நமக்குக் கல்லூரி என்பது வேறு. கிளிநொச்சி மத்திய கல்லூரி, முள்ளியவளை வித்தியானந்தா கல்லூரி என்று நாம் சொல்லும்போது அது உயர்தரம் வரை உள்ள பாடசாலை. வன்னியில் ஓட்டப் பயிற்றுநரின் வேலைக்களம் பெரும்பாலும் அதுதான். அங்கே அவருக்கு என்ன பதவி என்று கேட்டால், நேரான பதில் கிடைப்பது அரிது. மாதச் சம்பளத்தோடும் ஓய்வூதியத்தோடும் அந்த மைதானத்தில் நிற்கும் மனிதர் உடற்கல்வி ஆசிரியர். அவருடைய நியமனம் வகுப்பறைக்குரியது. சுகாதாரமும் உடற்கல்வியும் என்ற பாடம் 6 முதல் 9 வரையான வகுப்புகளுக்குக் கட்டாயம். சாதாரண தரத்தில் விருப்பப் பாடம். காலை 7.30 முதல் 1.30 வரை அவருக்கு நேரசூசி நிறையப் பாடவேளைகள் இருக்கும். ஆளில்லாத வகுப்புக்கும் அவரையே அனுப்புவார்கள். பிள்ளை ஓடும் நேரமோ வெயில் தாழ்ந்த பிறகு, மூன்று மணி முதல் ஆறு மணி வரை. அந்த மூன்று மணி நேரம் எந்தச் சம்பளப் பட்டியலிலும் ஏறுவதில்லை. வன்னியில் இதுவரை ஓடி வென்ற பிள்ளைகளில் பெரும்பாலோர், யாரோ ஓர் ஆசிரியர் தன் வீட்டு நேரத்தைக் கொடுத்ததால் வென்றவர்கள்.

இந்த வழியில் போக விரும்புபவருக்கு இரண்டு வாசல்கள் உண்டு. உயர்தரப் பெறுபேற்றோடு தேசிய கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்து, இரண்டு ஆண்டு விடுதியில் தங்கிப் படித்து, ஓர் ஆண்டு பாடசாலையில் பயிலுநராக இருந்து, போதனாவியல் டிப்ளோமாவுடன் இலங்கை ஆசிரியர் சேவைக்குள் நுழைவது ஒன்று. பட்டதாரியாக நுழைவது மற்றது. சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் உடற்கல்விக்கும், விளையாட்டு விஞ்ஞானமும் முகாமைத்துவமும் சேர்ந்ததற்கும் பட்டப்படிப்புகள் இருக்கின்றன. விளையாட்டில் தேசிய மட்டத்தில் சாதித்த மாணவருக்குப் பல்கலைக்கழகப் பாடநெறிகளில் 0.5 வீதம் வரை இடம் ஒதுக்கப்படுவதும் இங்கே முக்கியம். உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகுதி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கிராமப்புறப் பாடசாலைகளில் இந்த ஒதுக்கீட்டைப் பற்றி யாரும் பிள்ளைக்குச் சொல்வதில்லை. பத்தாம் வகுப்பிலிருந்தே சான்றிதழ்களைக் கோப்பில் சேர்த்துவைக்கச் சொல்ல ஒருவர் இருந்தால் போதும், ஒரு பிள்ளையின் வழி திறந்துவிடும்.

சம்பளம்? 2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. உயர்வு கட்டங்கட்டமாகக் கைக்கு வருகிறது. ஆசிரியர் அந்த அடித்தட்டுக்கு மேலே நிற்பவர். சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொல்லி 2021 இல் ஆசிரியர்கள் மாதக்கணக்கில் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகி நின்றதை நாம் மறந்துவிடக் கூடாது. இன்றைய விலைவாசியில் ஆசிரியர் சம்பளம் பெரிய வருமானம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். என்றாலும் மாதம் பிறந்தால் வரும், வங்கியில் கடன் எடுக்கலாம், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் உண்டு. மைதானத்தில் நிற்கும் வேறு யாருக்கும் இது கிடையாது.

ஆசிரியராகிவிட்டால் பயிற்றுநராக நிலைத்துவிடலாமா? வன்னியின் உண்மையான நோவு இங்கேதான் தொடங்குகிறது. நம் பகுதியில் ஏராளமான பாடசாலைகள் கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று வகைப்படுத்தப்பட்டவை. யாழ்ப்பாணத்திலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வரும் ஆசிரியர் குறித்த ஆண்டுகள் இங்கே சேவையாற்றிவிட்டு ஊருக்கு இடமாற்றம் பெறுகிறார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. விடியப்புறம் பஸ் ஏறி, ஏ9 வீதியில் மாங்குளம் சந்தியில் இறங்கி, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் மனிதருக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் ஓட்டப் பயிற்சியின் கணக்கு இடமாற்றக் கணக்கோடு ஒத்துவராது.

ஒரு பிள்ளையை 1500 மீற்றருக்கு ஆயத்தம் செய்வது எப்படி என்று பாருங்கள். 13, 14 வயதில் ஓட்டத்தை விளையாட்டாகவே வைத்திருக்க வேண்டும். உடல் விரைந்து வளரும் அந்த வயதில் தூரத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் முழங்காலும் கணைக்கால் எலும்பும் தாங்காது. 15, 16 இல் மெல்லோட்டத் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி இருதயத்தைப் பழக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் 400 மீற்றரை ஆறு தடவை, இடையே இரண்டு நிமிட ஓய்வோடு என்ற மாதிரியான கடும் வேலை. பலன் 18, 19 வயதில் தெரியும். ஆக ஒரு பிள்ளைக்கு ஐந்து ஆண்டு தேவை. மூன்றாம் ஆண்டில் ஆசிரியர் மாறிப்போனால் புதிதாக வருபவருக்கு இந்தப் பிள்ளையின் கால் எங்கே நோகும், மனம் எங்கே சோரும் என்று எதுவும் தெரியாது. வலயப் போட்டிக்கு ஆறு வாரம் இருக்கிறது என்று அவர் கடும் வேலையை எடுத்த எடுப்பிலேயே கொடுப்பார். பிள்ளை அந்த ஆண்டு வெல்லும். அடுத்த ஆண்டு காலில் கட்டோடு மர நிழலில் இருக்கும்.

இதை நான் ஒரு கொப்பியில் பார்த்தேன். இடமாற்றம் பெற்றுப் போன ஓர் ஆசிரியர் தன் சீ.ஆர். கொப்பியை அந்த ஒட்டுசுட்டான் இளைஞரிடம் விட்டுப்போயிருந்தார். பக்கத்துக்குப் பக்கம் திகதி, தூரம், செக்கன். ஓரத்தில் சிவப்புப் பேனையால் சிறு குறிப்புகள்: ‘காலையில் சாப்பிடாமல் வந்தாள்’, ‘இடது கால், ஓய்வு’, ‘அப்பா தோட்டத்துக்குக் கூட்டிப்போய்விட்டார்’. மூன்றரை ஆண்டு உழைப்பு. எந்தச் சுற்றறிக்கையும் அதைக் கையளிக்கச் சொல்லவில்லை. அவராக நினைத்துக் கொடுத்ததால் அது காப்பாற்றப்பட்டது.

ஆசிரியரல்லாத பயிற்றுநரின் நிலை இன்னும் மெலிந்தது. தை, மாசியில், பாடசாலைக்குள் மாணவர் இல்லங்களாகப் பிரிந்து மோதும் இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலம். அப்போது ஒவ்வொரு இல்லத்துக்கும் பழைய மாணவர்கள் பயிற்சி கொடுக்க வருவார்கள். மூன்று, நான்கு வாரத்தோடு அது முடியும். நல்லவர் என்று பெயர் எடுத்தவரை வலய, மாகாணப் போட்டி வரை நிற்கச் சொல்வார்கள். காசு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலிருந்தோ, கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் உள்ள பழைய மாணவர் சங்கக் கிளையிலிருந்தோ வரும். எழுத்தில் ஒப்பந்தம் இருக்காது. பெற்றோல் காசு என்றே அதற்குப் பெயர். அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டிலிருந்து மைதானம் 20 கிலோமீற்றர் என்றால் போய்வர 40. மோட்டார் சைக்கிளுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர். லீற்றர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதத்தில் 24 நாள் போனால் 7,200 ரூபாய். சங்கம் 10,000 கொடுத்தாலும் வீட்டுக்குப் போவது 2,800. தனியார்துறைத் தொழிலாளிக்கு 2025 சித்திரையில் சட்டம் வைத்த குறைந்தபட்ச மாத வேதனமே 27,000 ரூபாயாக இருந்தது. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம் கட்ட வேண்டும். எங்கள் பயிற்றுநர் எந்தச் சட்டத்துக்குள்ளும் வருவதில்லை, ஏனென்றால் அவர் யாருடைய தொழிலாளியும் அல்ல.

வெளிநாட்டுக் காசைக் குறைத்துப் பேச மாட்டேன். ஸ்பைக்ஸ் சப்பாத்தும் பயணச் செலவும் பல பாடசாலைகளுக்கு அந்த வழியாகத்தான் வந்தன. ஆனால் அந்த உதவி பொருளாகவே வர விரும்புகிறது. சப்பாத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்துப் படம் எடுக்கலாம், ஒருவருக்கு மாதாமாதம் வேதனம் கொடுப்பதைப் படம் எடுக்க முடியாது. சங்கங்களில் இருக்கும் நண்பர்களிடம் இதை வெளிப்படையாகவே சொல்லிவருகிறேன்: ஒரு பயிற்றுநருக்கு ஐந்து ஆண்டு வேதனத்தை ஒப்பந்தம் எழுதிப் பொறுப்பேற்றால், அது ஐம்பது சோடிச் சப்பாத்தைவிட ஆழமாகப் பாயும்.

அரச பக்கத்தில் பிரதேச செயலகங்களில் விளையாட்டு உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். நிரந்தரப் பதவிதான். அவர்களுடைய நாள், கழகங்களைப் பதிவதிலும் கரப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி நடத்துவதிலும் பிரதேச விளையாட்டு விழாவிலும் கரைந்துவிடும். வாரத்தில் ஆறு நாள் ஒரே பிள்ளைகளோடு நிற்க அவர்களால் இயலாது. பல்கலைக்கழகப் பக்கத்தில், 2021 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகம் என்ற நிலையிலிருந்து தனிப் பல்கலைக்கழகமான வவுனியாப் பல்கலைக்கழகம் பம்பைமடுவில் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. பல்கலைக்கழகங்களில் உடற்கல்விப் போதனாசிரியர் என்ற நிரந்தரப் பதவி உண்டு, அதற்குப் பட்டம் வேண்டும், வெற்றிடம் அரிதாகவே வரும். விளையாட்டு வாரியாக வருகைப் பயிற்றுநர்களையும் எடுப்பார்கள். அது பகுதிநேர வேலை, பயிற்சி நடந்த நாளுக்கே கொடுப்பனவு. தனியாக அதை நம்பி வீடு கட்ட முடியாது. வேறொரு வேலையோடு சேர்த்தால் உதவும், சுயவிவரத்திலும் நன்றாக நிற்கும்.

முப்படைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாட்டின் முன்னணி ஓட்டவீரர்களில் பலர் படைகளின் விளையாட்டுப் பிரிவில் சம்பளத்தோடு பயிற்சி பெறுபவர்கள். பயிற்றுநர்களுக்கும் அங்கே இடமும் மேல்நோக்கிய வழியும் உண்டு. தெற்கில் பாடசாலை விட்ட ஓட்டவீரனுக்கு இது இயல்பான அடுத்த படி. 2009 வரை நடந்தவற்றைச் சுமந்து வாழும் வன்னிக் குடும்பங்களுக்கு அந்தப் படியில் கால் வைப்பது எளிதல்ல. ஆகவே இங்கே 19 வயதோடு ஓட்டம் முடிந்துபோகிறது. ஓடிக் களைத்து அனுபவம் பெற்றவர்தான் பின்னாளில் நல்ல பயிற்றுநராவார் என்பதால், இந்த இழப்பு இரண்டு தலைமுறையைத் தாக்குகிறது.

சான்றிதழ் விடயத்தில் இளைஞர்கள் சோம்பக் கூடாது. உலக மெய்வல்லுநர் சம்மேளனம் 1991 முதல் பயிற்றுநருக்குப் படிநிலைச் சான்றிதழ் முறையை நடத்திவருகிறது. முதல் படியைப் பெற்றவரின் பெயர் நேர்முகத் தேர்வில் தனித்துத் தெரியும். கொழும்பிலுள்ள தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவகத்தின் பயிற்றுநர் பாடநெறிகளும் பெறுமதியானவை. தடை, தூரமும் மொழியும். வகுப்புகள் பெரும்பாலும் கொழும்பில், சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ நடக்கின்றன. வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ தமிழில் இப்படியொரு வகுப்பை ஆண்டுக்கு ஒருமுறை நடத்த மாகாண நிர்வாகத்துக்குப் பெரிய செலவு ஆகாது. இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பெண் பயிற்றுநர்களின் குறைவு எனக்கு மிகவும் வருத்தம் தரும் விடயம். ஓட்டத்தில் வன்னிப் பெண்பிள்ளைகள் தளர்ந்தவர்கள் அல்லர். முள்ளியவளையின் அகிலத்திருநாயகி 2023 இல், 72 வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த முதியோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கத்தோடு திரும்பியதை நாம் எல்லோரும் கொண்டாடினோம். ஆனால் 15 வயதுப் பெண்பிள்ளை மாலை ஆறு மணி வரை மைதானத்தில் நிற்கத் தாய்க்கு நம்பிக்கை வேண்டும். மாதவிடாயையும் இரத்தச்சோகையையும் கூச்சமில்லாமல் பேச ஒருவர் வேண்டும். மாகாணப் போட்டிக்கு இரவு தங்கப் போகும்போது கூடவே போகப் பெண் பொறுப்பாளர் வேண்டும். அவர் இல்லையென்று அணியே போகாமல் நின்ற நாளையும் நான் கண்டிருக்கிறேன். ஓடிய அனுபவமுள்ள பெண் ஒருத்தி இந்தத் துறைக்கு வர நினைத்தால், வன்னியில் அவளுக்கான தேவை எந்த ஆணுக்கான தேவையையும்விடப் பெரிது.

பதவி உயர்வு என்று வரும்போது இன்னொரு சிக்கல். நல்ல உடற்கல்வி ஆசிரியர் ஆசிரிய ஆலோசகராகலாம். கல்வி நிர்வாக சேவையின் விசேட ஆளணியில் உடற்கல்விக்கு இடம் உண்டு, அதனால் வலயத்தில் உதவிக் கல்விப் பணிப்பாளராகலாம். அதிபராகவும் ஆகலாம். ஒவ்வொரு படியும் அவரை மைதானத்திலிருந்து ஓர் அடி தள்ளி வைக்கிறது. பயிற்றுநராகவே இருந்து மேலே போக ஏணி கிடையாது. மைதானத்தை விட மனமில்லாதவர் உயர்வை விட்டுக்கொடுக்கிறார்.

ஒரு மனிதர் ஒரே இடத்தில் நிலைத்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. கண்டி மாவட்டத்து வலல கிராமத்தின் ரத்நாயக்க மத்திய கல்லூரி, கொழும்பின் வசதிகள் எதுவும் இல்லாத பாடசாலை. சுசந்த பெர்னாண்டோ அங்கே ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளை ஓட வைத்தார். அந்த மைதானத்துப் பிள்ளை தருஷி கருணாரத்ன, 2023 ஒக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் 800 மீற்றரை 2 நிமிடம் 3.20 செக்கனில் ஓடித் தங்கம் வென்றார். மெய்வல்லுநரில் இலங்கை 21 ஆண்டுகளாகக் காணாத தங்கம். இரணைமடுவின் குளக்கட்டும் முத்தையன்கட்டின் வாய்க்கால் கரையும் வலலவின் பாதைகளுக்குக் குறைந்தவை அல்ல. எட்டுக் கிலோமீற்றர் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கு வரும் பிள்ளையின் நெஞ்சுரமும் குறைந்ததல்ல. நமக்குக் கிடைக்காதது அந்த நிலைத்து நிற்கும் ஆண்டுகள்.

ஆகவே நான் கேட்பது, வலயத்துக்கு இரண்டு மெய்வல்லுநர் பயிற்றுநர் பதவிகள், அதில் ஒன்றாவது பெண்ணுக்கு. துணுக்காய், மடு, வவுனியா வடக்கு போன்ற வலயங்களிலிருந்து தொடங்கலாம். அந்த வலயத்தில் வசிப்பவரையே எடுக்க வேண்டும். வேலை நேரம் பிற்பகல் ஒன்றிலிருந்து ஆறரை வரை என்று நியமனக் கடிதத்திலேயே எழுத வேண்டும். ஆசிரியர் சேவைக்கு ஒப்பான தரங்களும் ஓய்வூதியமும் வேண்டும். மதிப்பீட்டைப் பதக்கத்தில் மட்டும் வைக்காமல், எத்தனை பிள்ளைகள் காயமில்லாமல் மூன்றாம் ஆண்டையும் தாண்டினார்கள் என்பதிலும் வைக்க வேண்டும்.

அந்த இளைஞருக்கு இப்போது சொன்ன பதில் இது: பயிற்சியை மட்டும் நம்பி இன்றைக்குச் சீவிக்க முடியாது. ஆசிரியர் நியமனத்தின் மேல் நின்றுகொண்டு பயிற்றுநராக வாழலாம். வயதெல்லை தாண்டுமுன் கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பம் போடு, சான்றிதழ் வகுப்பு எங்கே நடந்தாலும் போ, அரச வெற்றிடங்கள் வெளிவரும் வெள்ளிக்கிழமை வர்த்தமானியைத் தவறாமல் பார். சங்கத்தோடு பேசும்போது தொகையையும் மாதங்களையும் எழுத்தில் கேள்.

அவர் விண்ணப்பித்துவிட்டார். அழைப்பு வந்தால் இரண்டு ஆண்டு விடுதிவாசம். அவர் ஓட்டம் பழக்கும் நான்கு பிள்ளைகளில் மூத்தவளுக்கு இப்போது 16 வயது, அடுத்த ஆண்டுதான் அவளுக்கு முக்கியமான ஆண்டு. சிவப்புப் பேனைக் குறிப்புகள் உள்ள அந்தக் கொப்பியை யாரிடம் கொடுப்பது என்று போனவாரம் என்னைக் கேட்டார். உடற்கல்விக்கு அந்தப் பாடசாலையில் இப்போது ஆளில்லை.